ஐந்து நிமிடத்தில் குருப்பட்டம்



தாய் ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக எமது மேசையில் இருக்கின்றது. தமது பெயரையும் பங்கையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; வெளியிட மாட்டோம். அவருடைய மூத்த மகன் அமெரிக்காவில் கலிபோர்ணியா மாநிலத்தில் தொழில் பார்க்கிறார். அடுத்த ஆண்டு திருமணம். பெண் ஞானஸ்நானம் பெறாதவர். ஆனாலும் நல்ல பிள்ளை என்று தாயே எழுதுகிறார். அவருடைய கவலை பெண்ணைப் பற்றியதன்று. கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான்:

"எந்தக் கோவிலில் கலியாணம், சுவாமி யார் என்று ரெலிபோனில் கேட்டேன். கோவில் இல்லை அம்மா, ஒரு தோட்டத்தில் வைக்கப்போகிறோம், என்னோடு வேலை செய்யும் சிநேகிதன் ஒருவன் நடத்தி வைப்பான் என்றான். அவன் என்ன குருவா என்று கேட்டேன். ஓம், இன்ரர்நெற்றில் குருவாகிவிட்டான், ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தான். சுவாமி, இது கலியாணமா? நான் போகலாமா, போகக்கூடாதா?"

சட்டப் புத்தகத்தைத் திறந்து இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். அந்தப் பதிலையும் இக்கட்டுரையின் முடிவில் எழுதுவோம். ஆனால் அந்த மகனின் சிரிப்பு எம்மை விடுவதாயில்லை. ஐந்து நிமிடத்தில் ஒருவன் குருவாக முடியுமானால், ஆண்டுக்கணக்காகக் குருமடத்தில் இருந்து நாம் செய்ததென்ன? முடியாதென்றால், ஏன் முடியாது? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுவது குருக்களாகிய எமக்கு நல்லது. எம்மை வளர்த்துவிட்ட குடும்பங்களாகிய உங்களுக்கும் நல்லது.

தபாலில் தொடங்கிய கதை

முதலில் இது எப்படி வந்தது என்று பார்ப்போம். இணையத்தளம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. கேர்பி ஹென்ஸ்லி என்பவர் வட கரோலினாவில் பிறந்த ஒரு போதகர். எழுத வாசிக்கத் தெரியாதவர். இவர் கலிபோர்ணியாவின் மொடெஸ்ரோ நகரில் 1962ஆம் ஆண்டில் யுனிவேர்சல் லைஃப் சேர்ச் என்ற பெயரில் ஒரு சபையைச் சட்டப்படி பதிவு செய்தார். அந்தச் சபைக்கு விசுவாசப் பிரமாணம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. சரியானதைச் செய்தால் போதும். எது சரி என்பதை அவரவரே தீர்மானிக்கலாம். கேட்ட எவருக்கும் அவர் குருப்பட்டம் கொடுத்தார். தபாலில் பெயரை எழுதி அனுப்பினால் தபாலிலேயே பத்திரம் வந்துவிடும். பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, திரண்டிருந்த மாணவர்களை ஒரே வார்த்தையில் கூட்டமாகக் குருக்களாக்கியதும் உண்டு.

அது வியட்நாம் யுத்த காலம். அமெரிக்க இளைஞர்கள் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார்கள்; மதகுருக்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. ஆகவே இப்பத்திரத்தைத் தேடியவர்களுள் யுத்தத்துக்குத் தப்ப நினைத்தவர்களும் இருந்தார்கள். பின்னர் வரிக்குத் தப்ப நினைத்தவர்கள் வந்தார்கள். நியூயோர்க் மாநிலத்தில் ஹார்டன்பேர்க் என்ற சிறிய மலைக்கிராமம் ஒன்றில், 1970களின் நடுப்பகுதியில், குடிகளில் மிகப் பெரும்பாலானோர் இந்தச் சபையின் குருக்களாகி, தமது வீடுகள் மத ஸ்தாபனங்கள் என்று சொல்லிச் சொத்துவரி கட்ட மறுத்தார்கள். ஒரு ஊர் முழுவதும் குருக்கள். பூசை காண ஒருவரும் இல்லை! 1974இல் ஒரு நீதிமன்றம் அந்தச் சபைக்கு வரிவிலக்கு உண்டென்று தீர்த்தது. பத்து ஆண்டுகளின் பின், 1984இல், வரித் திணைக்களம் அதனை மீளப் பெற்றுக்கொண்டது.

ஹென்ஸ்லி 1999இல் காலமானார். அவருக்குப் பின் அந்தச் சபையிலிருந்து பிரிந்தவர்களும் அதைப் பார்த்துத் தொடங்கியவர்களும் இணையத்தளங்களில் அதே தொழிலை நடத்துகிறார்கள். பெயர், விலாசம் என்பவற்றைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பட்டம் இலவசம்; சுவரில் மாட்டும் பத்திரமும், வாகனத்தில் ஒட்டும் அட்டையும், கழுத்தில் போடும் பட்டியும் விலைக்கு. தாம் பட்டம் கொடுத்தவர்களின் தொகை இரண்டு கோடிக்கும் மேல் என்று அவர்களுள் ஒரு நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. இன்று இப்பட்டத்தைத் தேடுபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு யுத்தமோ வரியோ காரணமல்ல. ஒரு நண்பனின் திருமணத்தை நடத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீதிமன்றங்களின் தடுமாற்றம்

இந்தத் திருமணங்கள் செல்லுமா? அமெரிக்க மாநிலங்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. வேர்ஜினியாவின் உயர் நீதிமன்றம் 1974இல் இவர்களுக்குத் திருமணம் நடத்தும் அதிகாரம் இல்லை என்றது. மிசிசிப்பியின் உயர் நீதிமன்றம் 1988இல் செல்லும் என்றது. யூட்டா மாநிலம் 2001இல் இணையத்தளக் குருக்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது; அடுத்த ஆண்டே சமஷ்டி நீதிமன்றம் ஒன்று அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. ரெனசி மாநிலம் 2019இல் அதே போன்ற சட்டம் கொண்டுவந்து, அதுவும் வழக்கில் மாட்டியது.

ஏன் இந்தத் தடுமாற்றம்? எது உண்மையான சபை, எது போலிச் சபை என்று தீர்ப்புச் சொல்ல அந்த நாட்டின் அரசியலமைப்பு அரசுக்கு இடம் கொடுப்பதில்லை. அரசுக்கு வேண்டியது பதிவுப் பத்திரத்தில் கையொப்பம் இடப் பொறுப்புள்ள ஒருவர் மட்டுமே. அவருடைய ஆன்மாவை அது எடை போடுவதில்லை, போடவும் கூடாது. அரசாங்கமே எது சரியான மதம் என்று சொல்லத் தொடங்கினால் என்ன நேரும் என்பது இந்த மண்ணின் கத்தோலிக்கருக்குப் புதிதாகச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

ஆனால் ஒரு வழக்கை மட்டும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வட கரோலினாவில் ஒருவர், முதல் மனைவியுடன் நடந்த திருமணம் நீக்கப்படாமலே இன்னொருத்தியை மணந்தார் என்று இருதார மணக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1980இல் வழக்கு அம்மாநிலத்தின் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவருடைய முதல் திருமணத்தை நடத்தி வைத்தவர் யார்? பத்து டொலர் கொடுத்துத் தபால்மூலம் குருப்பட்டம் பெற்ற ஒருவர். வேடிக்கை என்னவென்றால், அவர் நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர். அது திருமணமே அல்ல என்று நீதிமன்றம் தீர்த்தது. முதல் திருமணம் திருமணமல்ல என்றால் இருதார மணம் ஏது? அந்த மனிதன் விடுதலையானான். அடுத்த ஆண்டு மாநிலச் சட்டசபை, அதுவரை இவ்வாறு நடந்த திருமணங்களைச் செல்லுபடியாக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

வாசகர்களே, இந்த வழக்கில் சிரிக்க ஒன்றுமில்லை. அங்கே முதல் மனைவி என்ற ஒரு பெண் இருந்தாள். தான் ஒருவனுடைய மனைவி என்று அவள் எண்ணியிருந்தாள். பத்து டொலர்ப் பத்திரம் கிழிந்தபோது அவளுடைய திருமணமும் கிழிந்தது.

இதே கண்ணீரை நமது திருச்சபையும் முன்பு பார்த்திருக்கிறது. மணமக்கள் இருவரும் மனமொத்துக் கொடுக்கும் வார்த்தையே திருமணத்தை ஆக்குகிறது என்பது பழைய போதனை. இன்றும் அதுவே போதனை. இலத்தீன் மரபில் இந்தத் திருவருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அவர்களிடம் சம்மதத்தைக் கேட்டுப் பெறுபவர். ஆனால் ஒருவரும் அறியாமல் இரகசியமாக வார்த்தை கொடுத்துவிட்டு, பின்பு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று கைவிட்டுப் போன ஆண்கள் ஐரோப்பாவெங்கும் இருந்தார்கள். ஆகவேதான் திரிதெந்து சங்கம் 1563ஆம் ஆண்டில், பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிருக்க வேண்டும், முன்னதாகப் பங்கில் அறிவித்தல் வாசிக்க வேண்டும் என்று விதித்தது. கோவிலுக்கு வருமானம் தேடி எழுந்த சட்டம் அல்ல அது. கைவிடப்படக்கூடியவளுக்கு ஒரு ஊரே சாட்சியாக நிற்க வேண்டும் என்று எழுந்த சட்டம்.

இலேசானது என்பதா குற்றம்?

இப்போது எமது கேள்விக்கு வருவோம். இந்தக் குருப்பட்டத்தில் பிழை எங்கே இருக்கிறது? இலேசாகக் கிடைக்கிறது என்பதுதான் பிழை என்று பலர் சொல்வார்கள். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். யோசித்துப் பார்த்தால் அது சரியான பதிலாகத் தெரியவில்லை.

ஆண்டவரின் கொடைகள் இலேசாகவே வருகின்றன. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை கருதுவதைச் செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொன்னால், கிறிஸ்தவரல்லாத ஒரு தாதி கொடுத்தாலும் அது செல்லும். அதற்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம். அதைவிட இலேசானது எது?

நீண்ட படிப்பு இல்லை என்பதா குற்றம்? கலிலேயாக் கடற்கரையில் அழைக்கப்பட்ட மீனவர்கள் எந்தக் குருமடத்தில் படித்தார்கள்? இன்றைய குருமடங்களுக்கு அடித்தளமிட்ட சட்டமும் அதே 1563ஆம் ஆண்டில் அதே திரிதெந்து சங்கத்தில்தான் பிறந்தது. அதற்கு முன் பதினைந்து நூற்றாண்டுகள் வேறு வழிகளில் குருக்கள் உருவானார்கள். மிலான் நகரத்துப் புனித அம்புரோசியாரைப் பாருங்கள். 374ஆம் ஆண்டில் அவர் அந்தப் பிரதேசத்தின் ஆளுநர், ஞானஸ்நானம்கூடப் பெறாதவர். ஆயரைத் தெரிவதில் எழுந்த கலவரத்தை அடக்கக் கோவிலுக்குப் போனவரைப் பார்த்து மக்களே, அவர்தான் எங்கள் ஆயர் என்று குரலெழுப்பினார்கள். அவர் ஒளித்துத் திரிந்தும் விடவில்லை. சில நாட்களுக்குள் ஞானஸ்நானமும் பெற்று ஆயராகவும் அபிஷேகம் செய்யப்பட்டார். வேகத்தைப் பார்த்தால் அம்புரோசியாரும் இணையத்தளக் குருவுக்கு அதிகம் பிந்தியவர் அல்லர்.

காசு என்பதா குற்றம்? மந்திரவாதி சீமோன் பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்ததையும், பேதுரு அவனைக் கடிந்துகொண்டதையும் அப்போஸ்தலர் பணி நூலில் வாசிக்கிறோம். ஆனால் அந்தச் சீமோனின் பெயரால் அழைக்கப்படும் பாவத்தை மத்திய காலத்தில் தாராளமாகச் செய்தவர்கள் யார்? ஆயர் பதவிகளையும் மடத்துத் தலைமைகளையும் விலை பேசியவர்கள் நம்மவர்களே. இந்தக் காரியத்தில் பிறர்மேல் கல்லெறிய எமது கைகள் அவ்வளவு சுத்தமானவை அல்ல.

அப்படியானால் பிழை எங்கே?

451ஆம் ஆண்டில் கல்சதோன் சங்கத்தில் கூடிய ஆயர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். நகரத்திலோ கிராமத்திலோ ஒரு குறிப்பிட்ட ஆலயத்துக்கென்று நியமிக்கப்படாமல் எவரையும் திருநிலைப்படுத்தக்கூடாது. அப்படிச் செய்தால் அந்தத் திருநிலைப்பாடு செல்லாது என்பது அதன் கருத்து. அதாவது, வெறுமனே 'குரு' என்று ஒருவர் இருக்க முடியாது. இன்ன ஊர் மக்களின் குரு என்றுதான் இருக்க முடியும். பிற்காலத்தில் இந்தச் சட்டம் பலமுறை தளர்ந்தது. ஆனாலும் அதன் உயிர் இன்னும் இருக்கிறது. இன்றும் மறைமாவட்டம் ஒன்றுக்கோ துறவற சபை ஒன்றுக்கோ அதுபோன்ற வேறொரு திருச்சபை அமைப்புக்கோ உரியவராகாமல், தலைவனில்லாமல் திரியும் குரு எவரையும் திருச்சபைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இங்கேதான் வேறுபாடு. அம்புரோசியாரின் திருநிலைப்பாடு விரைவாக நடந்தது. ஆனால் அவருக்கு ஒரு மக்கள் இருந்தார்கள். அவர் சாகும்வரை, இருபத்துமூன்று ஆண்டுகள், அந்த மிலான் மக்களுக்கே உரியவராயிருந்தார். இணையத்தளக் குருவுக்குப் பட்டம் இருக்கிறது, மக்கள் இல்லை. அவரை அனுப்பியவரும் இல்லை, அவருக்காகக் காத்திருப்பவரும் இல்லை. பிழை செய்தால் முறையிட ஓர் இடமில்லை. நடுச்சாமத்தில் நோயாளி ஒருவர் அழைத்தால் போகக் கடமையில்லை. அரைமணி நேரச் சடங்கு முடிந்ததும் அவருடைய குருத்துவமும் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் கிடைத்தது என்பதல்ல அதன் குறை. அரைமணிக்கு மேல் அது ஒன்றையும் கேட்பதில்லை என்பதே குறை.

அந்த நண்பன் கெட்டவன் என்று நாம் சொல்லவில்லை. நட்புக்காக ஓர் உதவி செய்கிறான். ஆனால் அந்த உதவியைச் செய்யக் குரு என்ற பெயர் எதற்கு? கலிபோர்ணியாவில், மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஒரு நாளைக்கு மட்டும் திருமணம் நடத்தும் அரசாங்கப் பதில் அலுவலராக ஒரு நண்பர் நியமனம் பெறலாம். மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஆளுநர் அப்படி ஒரு நாள் அனுமதி கொடுக்கிறார். அவை நேர்மையான வழிகள். நண்பன் நண்பனாகவே நிற்கிறான், அரசு கேட்கும் கையொப்பத்தை இடுகிறான். தான் நம்பாத ஒரு பெயரைத் தரித்துக்கொண்டு, மனிதருடைய வாழ்வின் மிகப் பெரிய வார்த்தையைக் கேட்க நிற்பது வேறு. அங்கே வாக்குறுதி ஒரு பொய்யின் முன்னிலையில் கொடுக்கப்படுகிறது. சிறிய பொய்தான், ஆனால் நின்ற இடம் சிறியதல்ல.

காத்திருந்த மக்கள்

பட்டம் ஒன்று, மக்கள் ஒன்று என்ற இந்த வேறுபாட்டை நமது முன்னோர் புத்தகத்தில் படிக்கவில்லை, வாழ்ந்து அறிந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவுக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. திருமணமும் பிறப்பும் அரசின் கண்ணில் செல்ல வேண்டுமானால் ஒல்லாந்தரின் சபையில் பதிந்து, தோம்பில் பெயர் ஏற வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு முதுசம் கிடைப்பது கஷ்டம். ஆகவே பலர் அங்கே போய்ப் பெயர் பதிந்தார்கள். பதிந்த பின்பும், அது அரசின் பத்திரம், நமது திருவருட்சாதனம் அல்ல என்று அறிந்திருந்தார்கள். இரண்டு பத்திரங்களின் வேறுபாடு அவர்களுக்குத் தெரியும்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குரு இல்லை. வீடுகளில் இரகசியமாகச் செபத்தைக் காத்தார்கள். தமக்குள் ஒருவருக்கு அங்கியைப் போட்டு 'நீயே எங்கள் குரு' என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு எவ்வளவு இலேசாயிருந்திருக்கும்! ஆனாலும் காத்திருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில், நோயுற்ற உடலோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரனைப் போல் வந்த மனிதரை அவர்கள் பத்திரம் பார்த்து அறியவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்காகவே வந்திருக்கிறார் என்பதைப் பார்த்து அறிந்தார்கள். 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது நம்மில் பலர் அங்கே நின்றோம்.

எமது சிறுவயது நினைவு ஒன்றும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எமக்குப் பதினைந்து வயது. மழை. செம்மணி வீதியில் அடி எடுத்து வைக்க இடமில்லை. நாவற்குழிப் பாலத்தடியில் எமது பங்குச்சுவாமியைக் கண்டோம். அவர் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் பின்கரியரில் எமது பங்கைச் சேர்ந்த வயோதிப மாது ஒருவர், தலையில் உரச்சாக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. அவருக்கு வேறு ஆளில்லை. சுவாமியின் அங்கி சேறாகியிருந்தது. அந்த இரவில் அவர் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. எங்களைக் கண்டு, "எல்லோரும் இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். குருத்துவம் என்றால் என்ன என்று பின்பு ஆறு வருடங்களுக்கு மேலாகத் தத்துவமும் இறையியலும் படித்தோம். அந்தக் கேள்வியைவிட மேலான விளக்கம் ஒன்றையும் நாம் படிக்கவில்லை.

எமது பக்கத்துக் குறை

இவ்வளவும் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. அந்த மகன் ஏன் நண்பனைத் தேடினான்? சோம்பலினால் மட்டுமா? மறுபடியும் தாயின் கடிதத்தைப் படித்தோம். அதிலே ஒரு வசனம் உண்டு: "அவன் சொல்கிறான், அம்மா, இங்குள்ள குருவுக்கு என்னைத் தெரியாது, இவனுக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று."

இதற்கு எமது பதில் என்ன? தன்னை அறிந்த ஒருவர் முன்னிலையில் வார்த்தை கொடுக்க வேண்டும் என்ற ஆசை பிழையான ஆசையா? கல்சதோனும் திரிதெந்தும் விரும்பியதே அதுதான். உன்னை அறிந்த குரு, உன்னை அறிந்த மக்கள். நாம் அதைக் கொடுக்கத் தவறிய இடத்தில் பிள்ளைகள் அதை வேறிடத்தில் தேடுகிறார்கள். ஒரே சனிக்கிழமையில் மூன்று திருமணங்கள். மணமகளின் பெயரைத் தாளில் பார்த்து வாசிக்கும் குரு. வெளியே அடுத்த வாகனம் வந்து நிற்கிறது. இப்படி நடத்திவிட்டு, ஐந்து நிமிடக் குருவைப் பார்த்து நாம் எப்படிச் சிரிப்பது?

உங்கள் பக்கத்தையும் சொல்லவிடுங்கள். பங்குமனைக்கு ஒரு குடும்பம் எப்போது வருகிறது? ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும். பாடசாலை அனுமதிக்குக் கடிதம் வேண்டும். விசாவுக்குக் கடிதம் வேண்டும். திருமணத்துக்குத் திகதி வேண்டும். கையொப்பமும் முத்திரையும் கிடைத்தால் போய்விடுகிறோம். குருவை ஒரு முத்திரையாக மட்டும் பார்த்துப் பழகிய வீட்டில் வளர்ந்த பிள்ளை, முத்திரை இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது அதை ஏன் எடுக்கக்கூடாது? அவன் நம்மிடம் கற்றதைத்தான் செய்கிறான். வித்தியாசம் என்னவென்றால், அவன் கெட்டிக்காரன், வரிசையில் நிற்கவில்லை.

தாய்க்குச் சொல்வது

அம்மா, இனி உங்கள் கேள்விகள். கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்ற உங்கள் மகன், திருச்சபை விதித்த முறையின்றி அந்த நண்பர் முன்னிலையில் செய்யும் திருமணம், அமெரிக்கச் சட்டத்தில் செல்லலாம்; திருச்சபையில் செல்லாது. இது கசப்பான பதில்தான். மறைத்துச் சொல்வது அன்பல்ல.

ஆனால் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பெண் ஞானஸ்நானம் பெறாதவர் என்பது கடக்க முடியாத தடையல்ல. ஆயர் அதற்கு விலக்கு அளிக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் திருமண முறைக்கும் விலக்கு அளிக்கலாம். இதை மகனுக்கு எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அவர் வசிக்கும் இடத்துப் பங்குக்குருவை இருவருமாகப் போய் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். திகதி கேட்கப் போக வேண்டாம். தங்களை அறிமுகப்படுத்தப் போகட்டும். தன்னைத் தெரியாது என்று சொல்பவன், தெரிய இடம் கொடுத்தானா என்பதையும் அன்பாகக் கேளுங்கள். அந்த நண்பன் விருந்தில் எழுந்து எவ்வளவும் பேசட்டும். நட்புக்கு அங்கே நல்ல இடமுண்டு.

அப்படியும் அவர் கேட்காவிட்டால்? போகலாமா என்று கேட்டீர்கள். பெற்ற தாய் போகக்கூடாதென்று பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அது உங்கள் மனச்சாட்சி செபத்தில் தீர்மானிக்க வேண்டியது. போனால், அது எனக்குத் திருவருட்சாதனம் அல்ல என்று முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். போகாவிட்டால், கதவைச் சாத்தாமல் இருங்கள். பின்னாளில் அந்தத் திருமணத்தைத் திருச்சபையில் செல்லுபடியாக்க வழியுண்டு. அந்த வழியால் அவர்கள் நடந்து வரும் நாளில், வாசலில் நிற்க ஒரு தாய் வேண்டும்.

வாசகர்களே, அடுத்த முறை பங்குமனைக்குப் போகும்போது ஒரு கடிதமும் கேட்காமல் போய்ப் பாருங்கள். குருக்களாகிய நாமும் முத்திரையை மேசையில் வைத்துவிட்டு உங்கள் வீடுகளுக்கு வரப் பழகுவோம். நாவற்குழிப் பாலத்தடியில் கேட்ட கேள்வி இரு பக்கத்துக்கும் உரியது. எல்லோரும் இருக்கிறீர்களா என்று நாங்கள் கேட்க வேண்டும். இருக்கிறோம் சுவாமி என்று சொல்ல நீங்களும் இருக்க வேண்டும்.

– ஆசிரியர்